வேகாமலே வெந்த களிமண்! 14.5 கோடி வருஷப் பழைய உப்பங்கழி ரகசியம்

[திரையில்: பிரான்ஸ்–சுவிட்சர்லாந்து எல்லை, ஜூரா மலை]

வணக்கம் மக்களே! இந்த மலையில சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவுல பச்சை நிறத்துல களிமண் அடுக்குகள் இருக்கு. அதை எக்ஸ்-ரே கருவியில வெச்சுப் பார்த்தா, பூமிக்குள்ள ரெண்டு மூணு கிலோமீட்டர் ஆழத்துல வெந்த களிமண் மாதிரியே தெரியும். ஆனா அதை மாத்தினது பூமியோட சூடு இல்ல. வெயிலும் உப்புத் தண்ணியும்தான்!

முதல்ல ரெண்டு பேரை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. ஸ்மெக்டைட், தண்ணி குடிச்சா வீங்கற களிமண். இல்லைட், வீங்காத களிமண். நம்ம கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசக்காடு கோடையில பாளம் பாளமா வெடிக்குதே, அதுக்குக் காரணமே இந்த ஸ்மெக்டைட்தான்.

ஸ்மெக்டைட் ஆழத்துல புதைஞ்சு சூடாச்சுன்னா, கொஞ்சம் கொஞ்சமா இல்லைட்டா மாறும். 1976-ல ஜான் ஹவர் குழு அமெரிக்காவோட மெக்சிகோ வளைகுடாக் கரையில ஒரு ஆழ்துளைக் கிணத்து மண்ணை ஆராய்ஞ்சாங்க. 2000 மீட்டர்ல இருந்து 3700 மீட்டருக்குப் போறதுக்குள்ள இல்லைட் அடுக்குகள் 20 சதவீதத்துல இருந்து 80 சதவீதமாச்சு. எண்ணெய் தேடுறவங்க களிமண்ணைத் தெர்மாமீட்டரா நம்பறது இதனாலதான்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். நிதானமா பார்ப்போம்.

[திரையில்: களிமண் தகடுகளின் வரைபடம்]

களிமண்ணுங்கறது தகடு மேல தகடு. ஒவ்வொண்ணும் ஒரு நானோமீட்டர் கனம்தான். தகட்டோட முகத்துல ஆறு பக்கக் குழிகள் வரிசையா இருக்கும். ஸ்மெக்டைட்ல ரெண்டு தகட்டுக்கு நடுவுல சோடியமோ கால்சியமோ தண்ணியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். அதனாலதான் வீங்குது. ஆனா பொட்டாசியத்துக்குத் தண்ணி மேல அவ்வளவு பிடிப்பு கிடையாது. காயும்போது தண்ணியை உதறிட்டு, பல்லாங்குழியில சோழி விழற மாதிரி அந்தக் குழிக்குள்ள கச்சிதமா இறங்கிடும். மேல் தகடும் கீழ் தகடும் அதை நடுவுல வெச்சு இறுகிக்கும். திரும்ப மழை பெய்யும், பல தகடுகள் விரியும். ஆனா சிலது விரியாது. அடுத்த கோடையில இன்னும் சிலது மூடிக்கும். டென்னிஸ் எபெர்லும் கூட இருந்தவங்களும் 1986-ல இதை ஆய்வுக்கூடத்துலயே செஞ்சு காட்டினாங்க. பொட்டாசியம் ஏத்தின ஸ்மெக்டைட்டைத் திரும்பத் திரும்ப நனைச்சுக் காய வெச்சாங்க, அவ்வளவுதான். இல்லைட் மாதிரி மூடின தகடுகள் வந்துடுச்சு!

அப்போ ஜூராவுல பொட்டாசியம் ஏது? கடல்தான் கொடுத்தது. ஒரு லிட்டர் கடல்நீர்ல சுமார் 0.4 கிராம் பொட்டாசியம் இருக்கு. ஆழமில்லாத உப்பங்கழியில தண்ணி ஆவியாக ஆவியாக அது செறிவாகும். வருஷா வருஷம் கரைச் சேறு நனையும், காயும். 1988-ல டெகோனின்க், ஸ்ட்ராசர், டெப்ராபான் மூணு பேரும் ஜூரா களிமண்ணுக்கு இந்த விளக்கத்தைத்தான் கொடுத்தாங்க.

[திரையில்: இங்கிலாந்து, டோர்செட், லல்வொர்த் கடற்கரை]

ஏறக்குறைய அதே காலத்து நிலத்தை இங்க நேர்லயே பார்க்கலாம். பாறைக்குள்ள ஒரு பழைய மண் அடுக்கு, அதுல வேரோட நின்ன ஊசியிலை மரங்கள். உப்பங்கழி ஏறி வந்து மரங்களை மூழ்கடிச்சதும், அடிமரத்தைச் சுத்தி நுண்ணுயிர்கள் சுண்ணாம்பு வளையம் கட்டிடுச்சு. மரம் போயிடுச்சு, வளையம் இருக்கு. எனக்கு இதைப் பார்க்கப் பார்க்க அலுக்கறதே இல்ல. 1980-கள்ல ஜேன் பிரான்சிஸ் அந்த மரங்களோட வளர்ச்சி வளையங்களைப் படிச்சு, மழைக்காலமும் வறண்ட கோடையும் மாறி மாறி வந்த இடம்னு சொன்னாங்க. களிமண்ணுக்குத் தேவைப்பட்ட அதே பருவம்!

"ஆழத்துச் சூடு இல்லன்னு எப்படி உறுதியா சொல்றது?"னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. சூடுன்னா மேல் அடுக்கு, கீழ் அடுக்கு எல்லாத்தையும் சேர்த்துத்தானே மாத்தியிருக்கணும்? இங்க உப்பங்கழி அடுக்குகள்லதான் இந்த மாற்றம் தூக்கலா தெரியுது. என்னைக் கேட்டா, களிமண்ணை மட்டும் வெச்சு ஆழத்தைக் கணக்குப் போடவே கூடாது. அது எந்தக் கரையில படிஞ்சதுன்னு முதல்ல பார்க்கணும்.

விவசாயிகளே, உங்களுக்கும் இதுல ஒரு சேதி இருக்கு. போட்ட பொட்டாஷ் உரத்துல இருக்கற பொட்டாசியத்துல ஒரு பங்கு பயிருக்குக் கிடைக்காம களிமண் தகடுகளுக்குள்ள மாட்டிக்கறதும் இதே வேலைதான். கரிசல்ல பயிர் வைக்கறவங்க, பொட்டாஷை அடியுரமா ஒரே தடவை போடறீங்களா, பிரிச்சுப் போடறீங்களா? எது நல்லா எடுக்குதுன்னு கமெண்ட்ல எழுதுங்க, நான் எல்லாத்தையும் படிக்கறேன்.