கடைசி பெஞ்சில் ஒருவர்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

கல்லூரி உயிரியல் ஆசிரியர் மெருகேறுவது சொந்த முயற்சியாலா, வழிகாட்டியும் சக ஆசிரியர்களும் கூட இருப்பதாலா? எதிரணித் தோழர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "கண் தெரிந்தவருக்கு எதற்கு ஊன்றுகோல்?" கைதட்டலும் வாங்கிவிட்டார்.

கண் தெரிந்தவருக்கும் தன் முதுகு தெரியாதே, நடுவர் அவர்களே!

ஒளிச்சேர்க்கையை நான் 6 வருடம் நடத்தினேன். இலை கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரையாக்கும் படிகளான கால்வின் சுழற்சியைப் புத்தகம் பார்க்காமல் பலகையில் வரைவேன். ஒருநாள் துறையின் மூத்த ஆசிரியை கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். வகுப்பு முடிந்ததும் நோட்டைக் காட்டினார். "புரிஞ்சுதா?" என்று நான் கேட்டது 17 முறை. 17 முறை! ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், பதிலுக்காக நான் காத்திருந்த விநாடிகள். ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று... ஓரிடத்தில் மட்டும் இரண்டு. அந்த ஓரிடத்தில்தான் ஒரு மாணவி வாய் திறந்திருந்தாள்.

அவர் திட்டவில்லை. "நாளைக்கு ஒரே கேள்வி கேளுங்க. பெரிய மரத்தோட எடை எங்கேருந்து வந்தது? கேட்டுட்டுச் சும்மா நில்லுங்க" என்றார்.

கேட்டேன். நின்றேன். பாதிப் பேருக்கு மேல் எழுதிய விடை: மண்ணிலிருந்து! வான் ஹெல்மாண்ட் என்ற விஞ்ஞானி தொட்டியில் வளர்த்த வில்லோ மரம் 5 ஆண்டில் 74 கிலோ கூடியது, மண் குறைந்தது 60 கிராம்கூட இல்லை என்பது 1648-லேயே அச்சில் வந்த செய்தி. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடுதான் மரக்கட்டையாகிறது என்பது, சுழற்சியை ஒப்பித்த பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. அந்தத் தாள்களைத் துறை அறையில் விரித்தேன். மரபியல் எடுப்பவர் தன் விடைத்தாள் கட்டையும் பிரித்தார். இணை ஜீன்களில் ஒன்று மற்றதை மறைத்து வெளிப்படுவதுதான் ஓங்கு பண்பு. அதை, அதிகம் பேரிடம் இருப்பது என்று அவர் மாணவர்கள் எழுதியிருந்தார்கள். அன்று மாலை யாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போகவில்லை.

பயிற்சி முகாம் போதாதா என்பார்கள். 2011-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. முகாமுக்குப் போய்வந்த உயிரியல் ஆசிரியர்கள், கற்பிக்கும் முறையை மாற்றிவிட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். வகுப்பை வீடியோ எடுத்துப் பார்த்தால், பெரும்பாலோர் விரிவுரைதான் நடத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. முதுகு தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்த அம்மா ஓய்வு பெற்ற நாளில் நோட்டை என் கையில் கொடுத்தார். முதல் பக்கத்தில் வேறு யாரோ ஒருவரின் கையெழுத்து. அந்த அம்மாவே சின்ன வயதில் எடுத்த வகுப்பாம். ஓரத்தில் வரிசையாக எண்கள்: ஒன்று, ஒன்று, ஒன்று.

அவருக்கும் கண் தெரிந்துதான் இருந்தது, நடுவர் அவர்களே. வணக்கம்.