குணமாக்குவது என்றால் என்ன?

எல்லோருக்கும் வணக்கம். படம் முடிந்து விளக்கு போட்ட பிறகும் கொஞ்ச நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. பின்வரிசையில் ஓர் அம்மா, "அவனை அப்படியே விட்டிருக்கலாமே" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நான் எழுதிக்கொண்டு வந்த குறிப்பை மடித்து வைத்துவிட்டேன். அந்த அம்மா சொன்னதிலிருந்தே பேசுகிறேன்.

நாம் பார்த்தது ஆலன் பிரிட்ஜஸ் இயக்கி 1982இல் வந்த 'தி ரிட்டர்ன் ஆஃப் தி சோல்ஜர்'. அதற்கு மூலம் ரெபெக்கா வெஸ்ட் எழுதிய முதல் நாவல். 1918இல் அது வெளிவந்தபோது அவருக்கு 25 வயது. முதல் உலகப் போர் முடிந்திருக்கவில்லை. நமக்கு இது பழைய காலத்துக் கதை. அவர் எழுதும்போது பக்கத்து வீட்டுக் கதை.

கதையின் நாயகன் கிறிஸ் போர்முனையிலிருந்து வருகிறான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. கடைசி 15 வருஷம் மட்டும் மனதிலிருந்து காணாமல் போயிருக்கிறது. கல்யாணம் ஆனது, மகன் பிறந்தது, இரண்டு வயதில் அந்தக் குழந்தை இறந்தது, போருக்குப் போனது, எதுவும் நினைவில்லை. தனக்கு 21 வயது என்று நினைக்கிறான். தேம்ஸ் ஆற்றுத் தீவு ஒன்றில் விடுதி நடத்தியவரின் மகள் மார்கரெட்டைத் தேடுகிறான். மனைவி கிட்டி எதிரிலேயே நிற்கிறாள். அவளை யாரென்று தெரியவில்லை. மார்கரெட்டோ இப்போது வேறொருவரின் மனைவி. வீட்டு வேலையில் காய்த்துப்போன கை, மலிவான உடை. அவள் முகத்தில் ஏறியிருக்கும் வயது அவன் கண்ணிலேயே படவில்லை. படத்தில் கிளெண்டா ஜாக்சன் மார்கரெட்டாகவே வாழ்ந்திருக்கிறார்.

இப்படியெல்லாம் மறக்குமா என்று கேட்பீர்கள். 1915 பிப்ரவரியில் 'லான்செட்' மருத்துவ இதழில் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். 'ஷெல் ஷாக்', அதாவது குண்டு அதிர்ச்சி, என்ற பெயரை மருத்துவ உலகத்துக்குள் கொண்டுவந்த கட்டுரை அது. அதில் அவர் விவரித்தது மூன்று வீரர்களை. குண்டு பக்கத்தில் வெடித்த பிறகு அவர்களுக்கு நினைவும் பார்வையும் வாசனையும் சுவையும் மங்கிப்போயிருந்தன. முதலில் வெடியின் அதிர்ச்சி மூளையைக் குலுக்கிவிட்டது என்றுதான் நினைத்தார்கள். அப்புறம் பார்த்தால், வெடிக்குப் பக்கத்திலேயே போகாதவர்களுக்கும் கை நடுங்கியது, பேச்சு நின்றுபோனது. போர் முடிவதற்குள் பிரிட்டிஷ் படையில் சுமார் 80,000 பேருக்கு இந்தப் பாதிப்பு. அதே படை, ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காக 306 வீரர்களைச் சுட்டுக் கொன்றது. அவர்களுக்கு மன்னிப்பு கிடைத்தது 2006இல். அந்த வருஷத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனது ஆறுவதில்லை.

இங்கே ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ். 1901, 1902இல் நம் நீலகிரியில் தோடர்களோடு இருந்து ஆராய்ந்து, 1906இல் அவர்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய அதே மனிதர். போரின்போது எடின்பரோ பக்கத்தில் கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில் மனம் உடைந்த அதிகாரிகளுக்கு வைத்தியம் பார்த்தார். "அதை நினைக்காதே, மறந்துவிடு" என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், நடந்ததை வாய்விட்டுச் சொல்ல வைத்தார். பொறுமையாகக் கேட்டார். ஆனால் அவரிடம் தேறியவர் போக வேண்டிய இடம் எது? மறுபடி போர்முனை. போரை எதிர்த்து அறிக்கை விட்டதால் அங்கே அனுப்பப்பட்ட கவிஞர் சசூன் திரும்பிப் போய் 1918 ஜூலையில் தலையில் குண்டுக்காயம் பட்டுப் பிழைத்தார். அங்கே வேறொரு மருத்துவரிடம் தேறிய இன்னொரு கவிஞர் வில்ஃப்ரெட் ஓவனும் திரும்பிப் போனார். 1918 நவம்பர் 4ஆம் தேதி இறந்தார். போர் முடிய ஒரு வாரம் இருந்தது. இந்த முரண் தன் கனவிலேயே வந்து உறுத்தியதை ரிவர்ஸ் எழுதியிருக்கிறார்.

சரி, கதைக்கு வருவோம். நாவலில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று. மருத்துவர் வந்திருக்கிறார். மார்கரெட் அவரிடம் நேராகவே சொல்கிறாள்: உங்களால் அவரைச் சந்தோஷமாக வைக்க முடியாது, சாதாரண ஆளாக்க மட்டும்தான் முடியும் என்று. மருத்துவர் மறுக்கவில்லை. ஆமாம், என் தொழிலே அவ்வளவுதான் என்று ஒத்துக்கொள்கிறார்.

வழியைச் சொல்வதும் மார்கரெட்தான். இறந்துபோன குழந்தையின் சாமான் எதையாவது அவனிடம் காட்டினால் நினைவு வந்துவிடும். குழந்தையின் அறைக்குப் போகிறாள். ஒரு சின்னக் கம்பளிச் சட்டை, ஒரு பந்து. அவளுடைய மகனும் இரண்டு வயதில்தான் இறந்தான். அந்தச் சட்டையைத் தொடும்போது அவளுக்கு எப்படி இருந்திருக்கும்! அந்த அறையில் நின்றுகொண்டு அவளும் சொன்னாள், அவனை இப்படியே விட்டுவிடலாம் என்று. அம்மா, நீங்கள் சொன்ன அதே வார்த்தைதான். ஆனால் கொஞ்ச நேரத்தில் அவளே மனதை மாற்றிக்கொள்கிறாள். உண்மை உண்மைதான், அது அவனுக்குத் தெரியத்தான் வேண்டும் என்கிறாள். தன்னை இன்னும் நேசிக்கும் அந்த மனிதனை இழக்கப்போகிறோம் என்று தெரிந்தேதான் சட்டையையும் பந்தையும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறாள்.

மேலே ஜன்னலருகே அவன் உறவுக்காரப் பெண் ஜென்னி பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவன் புல்வெளியில் வீட்டை நோக்கி நடந்து வருகிறான். அன்று மதியம் இருந்த துள்ளல் நடையில் இல்லை. படைவீரனின் கனத்த நடை. அவன் மறுபடி பதுங்குகுழிக்குத்தான் போகப்போகிறான் என்பது ஜென்னிக்குப் புரிகிறது. பார்க்க எப்படி இருக்கிறான் என்று கிட்டி கேட்கிறாள். அப்படியே ஒரு சிப்பாயாக இருக்கிறான் என்று ஜென்னி சொல்கிறாள். கிட்டியும் எட்டிப் பார்த்து, குணமாகிவிட்டான் என்று நிம்மதியாக மூச்சு விடுகிறாள்.

தோட்டத்துக் கோடியில், மரக்கிளைகளின் இருட்டில் மார்கரெட் நிற்கிறாள். குழந்தையை அணைப்பது போல எதையோ கையில் அணைத்துக்கொண்டு. அவள் எப்படி வீடு போய்ச் சேர்ந்தாள் என்று வெஸ்ட் எழுதவில்லை.