"டிமென்ஷியாவுல இதெல்லாம் சகஜம்மா"ன்னு சொன்னா நம்பலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது. ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: "அம்மாவுக்கு 78 வயசு, மறதி நோய். முதியோர் இல்லத்துல இருக்காங்க. கொஞ்ச நாளா டயப்பர் மாத்தப் போனாலே அலறுறாங்க. உள்தொடையில கன்னிப்போன தடம் இருக்கு. 'ராத்திரி அவன் வரான்'னு ரெண்டு தடவை சொன்னாங்க. இல்லத்துல கேட்டா, டிமென்ஷியாவுல இதெல்லாம் சகஜம்மாங்கறாங்க. நான்தான் தப்பா நினைக்கிறேனா?"

இல்லம்மா. நீங்க நினைக்கிறது நியாயம்தான்.

அந்த 'சகஜம்'ல பாதி உண்மை இருக்கு, அதனாலதான் அது ஆபத்து. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு லேசா இடிச்சாலே கன்னிப்போகும். ஆனா அது எங்க வரும்? முழங்கைக்குக் கீழ, முழங்கால்ல, கட்டில்ல இடிக்கிற இடத்துல. உள்தொடை, மார்பு, பிறப்புறுப்புப் பக்கம் எதுல போய் இடிக்கும்? மணிக்கட்டுல, மேல்கையில விரல் பதிஞ்ச மாதிரி தடம் இருக்கான்னும் பாருங்க. சிறுநீர்த் தொற்று மட்டும் வந்தா அதை வச்சு முடிவு கட்ட முடியாது, டயப்பர் போடுறவங்களுக்கு அது அடிக்கடி வரும். ஆனா பால்வினை நோய் புதுசா வந்திருந்தாலோ, காரணம் தெரியாத ரத்தக்கசிவு இருந்தாலோ, உள்ளாடை கிழிஞ்சிருந்தாலோ, ஒரு குறிப்பிட்ட ஆள் உள்ள வந்ததும் உடம்பு சுருண்டுபோனாலோ, சும்மா விடக்கூடாது. மறதி நோய்ல பேர் போகும், தேதி போகும். பயம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

சந்தேகம் வந்துட்டா முதல்ல ஒண்ணு சொல்றேன்: கழுவாதீங்க. நம்ம வீட்டுல கஷ்டம் வந்தா முதல் வேலையா தலைக்குத் தண்ணி ஊத்துவோம். இங்க அதைச் செய்யவே கூடாது. குளிப்பாட்டாதீங்க, துடைக்காதீங்க, புடவை மாத்தாதீங்க, வாய் கொப்பளிக்க வைக்காதீங்க. மாத்திட்டாங்கன்னா அந்தத் துணியை அலசாம, டயப்பரைக் குப்பைக்கு அனுப்பாம எடுங்க. ஈரமா இருந்தா நிழல்ல காயவிட்டு, ஒவ்வொண்ணையும் தனித்தனி காகிதக் கவர்ல போடுங்க. பிளாஸ்டிக் பை வேண்டாம். உள்ள வேர்த்துப் பூஞ்சணம் பிடிச்சா தடயம் கெட்டுடும். கவர் மேல தேதி, நேரம், எடுத்தவங்க பேர். அவ்வளவுதான்.

அம்மாகிட்ட கேக்கறது ஒரே தடவை. சாயங்காலம் குழப்பம் கூடும், காலையில கேளுங்க. ஊழியர் யாரும் பக்கத்துல இருக்கக் கூடாது. "அவன் உன்னைத் தொட்டானா?"ன்னு நீங்களே எடுத்துக் கொடுக்காதீங்க. "ராத்திரி என்ன ஆச்சும்மா?" போதும். அவங்க சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்க. 'அவன் வரான்'னா 'அவன் வரான்'தான், நீங்க அதுக்கு அர்த்தம் சேர்க்காதீங்க.

அப்புறம் நேரா ஆஸ்பத்திரி. போலீஸ் பேப்பர் இருந்தாத்தான் பாப்போம்னு சொல்ல எந்த ஆஸ்பத்திரிக்கும், தனியாருக்கும் சேர்த்துத்தான், உரிமை இல்ல. சிகிச்சை இலவசமா கொடுத்தாகணும், மறுத்தா பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த குற்றவியல் சட்டம்) 200-ஆம் பிரிவுல தண்டனை உண்டு. உடம்புலேருந்து தடயத்துக்கான மாதிரி எடுக்கறது, சம்பவம் நடந்து 96 மணி நேரத்துக்குள்ள நடந்தாத்தான் பெரும்பாலும் பலன். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சு 28 நாள் சாப்பிடணும். நாள் கடந்துபோச்சுன்னு போகாம இருந்துடாதீங்க, காயத்தை அப்பவும் பதிவு செய்யலாம். வயசான பெண்களுக்குப் பிறப்புறுப்புல தோல் மெலிஞ்சு காஞ்சிருக்கும், சுலபமா கிழியும். ஆனா காயம் இல்லங்கறதால ஒண்ணும் நடக்கலன்னு ஆகாது. பிறப்புறுப்புல விரல் விட்டுப் பாக்கற 'இரு விரல் பரிசோதனை'ன்னு யாராவது ஆரம்பிச்சா நிறுத்தச் சொல்லுங்க. அதைச் செய்யறது ஒழுங்கீனம்னே உச்ச நீதிமன்றம் 2022-ல சொல்லிடுச்சு.

புகாரை எந்த ஸ்டேஷன்லயும் கொடுக்கலாம், 'எங்க எல்லை இல்ல'ன்னு திருப்பி அனுப்பக் கூடாது. பெண் அதிகாரிதான் பதிவு செய்யணும். அம்மா மாதிரி நிலைமையில இருக்கறவங்களை ஸ்டேஷனுக்கு அலைய வைக்கக் கூடாது, அவங்க இருக்கற இடத்துக்கே வந்து வீடியோவோட பதிவு செய்யணும். மூத்த குடிமக்கள் உதவி எண் 14567 காலை 8 மணியிலேருந்து ராத்திரி 8 வரைக்கும்தான். அதுக்கு மேல பெண்கள் உதவி எண் 181, அவசரம்னா 112.

இல்லத்துக்காரங்க "நாங்களே விசாரிச்சுட்டுச் சொல்றோம்"பாங்க. அவங்க விசாரிக்கட்டும், நீங்க காத்திருக்காதீங்க. சி.சி.டி.வி. பதிவு தானா அழிஞ்சுடும், அதனால பதிவு, டூட்டி ரோஸ்டர், வருகைப் பதிவேடு மூணையும் பத்திரப்படுத்தச் சொல்லி அன்னைக்கே எழுத்துல கொடுத்து, நகல்ல கையெழுத்து வாங்குங்க. சந்தேகப்படுற ஆள் ஊழியரோ, பக்கத்து ரூம் தாத்தாவோ, அம்மா இருக்கற தளத்துப் பக்கம் வரக் கூடாது. அம்மாவை ரூம் மாத்தறதைவிட அந்த ஆளை மாத்தறதுதான் முறை. போட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடாதீங்க. பாதிக்கப்பட்டவங்க அடையாளத்தை வெளியிடறதே குற்றம்.

அப்பாவுக்கு நடந்தா? சட்டத்துல ஓட்டை இருக்கு. பாலியல் வன்கொடுமைப் பிரிவு பெண்களுக்கு மட்டும்தான். காயப்படுத்தினது, அடைச்சு வச்சதுன்னுதான் போட முடியும். மாற்றுத்திறனாளியா இருந்தா 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தோட 92-ஆம் பிரிவும் சேரும். ஆஸ்பத்திரி வேலை, துணி வேலை எல்லாம் அதேதான். கழுவாதீங்க.

இல்லத்துல சேர்க்கறதுக்கு முன்னாடி என்ன கேக்கணும்னு யாராவது கேட்டிருந்தா எனக்கு இன்னும் சந்தோஷமா இருந்திருக்கும். எல்லாரும் ஏ.சி. இருக்கா, சாப்பாடு சைவமான்னு கேக்கறீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மாவுக்கு டயப்பர் மாத்தறது யாரு? ஆணா, பெண்ணா, தனியாவா, ரெண்டு பேராவா? அந்த நேரத்துல ஒரு தளத்துக்கு எத்தனை பேர் டூட்டி? சொல்லாம கொள்ளாம நான் வந்தா உள்ள விடுவீங்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு "விசிட்டிங் அவர்ஸ்ல வாங்க"ன்னு மட்டும் பதில் வந்தா, பையைத் திரும்ப கார்ல ஏத்துங்க.