பிரடெரிக் டக்ளஸின் குடும்பத்தைக் கணக்கேடுகளில் தேடுதல்

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த ஒரு மூதாதையரைத் தேடிப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் 1870ஆம் ஆண்டில் வந்து முட்டி நிற்கிறார்கள். 1850, 1860 ஆகிய ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகளுக்கென்று தனிப் பட்டியல் இருந்தது. அதில் உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் ஆகியவற்றைக் குறித்தார்களே தவிர, அநேகமாக எவருடைய பெயரையும் எழுதவில்லை. விடுதலை பெற்றவர்கள் பெயரோடு பதிவானது 1870இல்தான். அதற்கு முந்தைய காலத்துக்குப் போக வேண்டுமென்றால், அவர்களைச் சொத்தாக வைத்திருந்தவர்களின் காகிதங்களைத்தான் புரட்ட வேண்டும். இதற்கு, அடிமையாகப் பிறந்து, தப்பி வந்து, அடிமைமுறையை ஒழிக்கப் பேசியும் எழுதியும் புகழ்பெற்ற பிரடெரிக் டக்ளஸின் வாழ்க்கையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மேரிலாந்து மாநிலத்தின் டால்பட் வட்டாரத்தில் பிறந்த அவர், தம் வயதைக் காட்டும் எந்த ஆவணத்தையும் தாம் பார்த்ததே இல்லை என்று 1845இல் எழுதினார். 1817இல் பிறந்திருக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, 1895இல் இறக்கும்வரை உறுதியாகத் தெரியாமலேயே வாழ்ந்தார். ஆனால் அவருடைய முதல் உரிமையாளரான ஆரன் ஆன்டனி, தம்மிடம் இருந்த அடிமைகளின் பிறப்புகளைக் கணக்கேட்டில் குறித்து வைத்திருந்தார். அதில் ஒரு வரி, ஹாரியட்டின் மகன் பிரடெரிக் அகஸ்டஸ், பிப்ரவரி 1818 என்கிறது. அவ்வளவுதான், தந்தையின் பெயர் இல்லை, நாளும் இல்லை. அந்த ஒற்றை வரியில் தாயும் மகனும் சேர்ந்து இருக்கிறார்கள். தொலைவில் இருந்த வேறொரு பண்ணையில் வேலை செய்துவிட்டு, இரவில் நடந்துவந்து பார்த்த தாயைச் சில தடவைகளே கண்டிருந்த அந்த மனிதருக்கு, இந்த ஏடு கண்ணில் படாமலே போயிற்று என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துப் போகிறது.

ஆன்டனி 1826இல் இறந்தபோது அடிமைகளை வாரிசுகளுக்குப் பங்கு பிரித்தார்கள். உரிமையாளர் இறந்த ஆண்டு தெரிந்தால், சொத்து மதிப்பீட்டையும் பாகப்பிரிவினையையும் அந்த வட்டார நீதிமன்றப் பதிவுகளில் தேட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். குடும்பம் எப்படிச் சிதறியது என்பது அங்கேதான் தெரியும்.

அடுத்த சிக்கல் பெயர். பிரடெரிக் பெய்லியாக இருந்தவர், 1838 செப்டம்பரில் பால்டிமோரிலிருந்து தப்பி நியூயார்க் சென்று, அதே மாதம் அன்னா மரேயை மணந்து, இடையில் ஜான்சன் என்று மாறி, மாசசூசெட்ஸின் நியூ பெட்ஃபோர்டில் டக்ளஸ் ஆனார். அவருடைய அண்ணன் பெர்ரியோ டவுன்ஸ் என்ற பெயரைக் கொண்டிருந்தார். ஒரே தாயின் பிள்ளைகளை இரண்டு குடும்பப் பெயர்களில் தேட வேண்டியிருக்கிறது. டெக்சாஸ்வரை போய்விட்ட பெர்ரி 1867இல் மனைவி மக்களோடு, டக்ளஸ் அப்போது வாழ்ந்த நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டருக்கு வந்து சேர்ந்தார். டக்ளஸ் தம் நிலத்திலேயே அவர்களுக்கு ஒரு சிறு வீடு கட்டிக் கொடுத்தார். சகோதரர்கள் பிரிந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

டக்ளஸின் பிள்ளைகளைத் தேடுவது எளிது. அவருடைய மகன்கள் லூயிஸும் சார்லஸும் உள்நாட்டுப் போரில் கறுப்பின வீரர்களைக் கொண்ட மாசசூசெட்ஸின் 54ஆம் படைப்பிரிவில் சேர்ந்ததால், அவர்களுக்கு ராணுவப் பதிவுகள் உண்டு.

நீங்கள் தேடும் குடும்பத்தில் புகழ்பெற்றவர் எவரும் இல்லையென்றால், 1865 முதல் 1874 வரை இயங்கிய விடுதலை பெற்றோருக்கான சேமிப்பு வங்கியின் பதிவேடுகளைப் பாருங்கள். கணக்குத் தொடங்கியவரின் பெற்றோர், துணைவர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோரின் பெயர்களையும், சில இடங்களில் பழைய உரிமையாளரின் பெயரையும்கூட அங்கே கேட்டு எழுதியிருக்கிறார்கள். அந்த வங்கி மூடப்பட்டபோது அதன் தலைவராக இருந்தவர் டக்ளஸ். சேமித்தவர்கள் பணத்தை இழந்த கொடுமை மறக்கக்கூடியதன்று; ஆயினும், விற்கப்பட்டுப் பிரிந்துபோன உறவினர்களின் பெயர்களை அவர்களே வாய்திறந்து சொல்லிப் பதிந்த ஏடுகள் அவை. முதலில் அவற்றில் தேடிவிட்டு, அதில் கிடைக்கும் உரிமையாளரின் பெயரை எடுத்துக்கொண்டு 1860ஆம் ஆண்டுப் பட்டியலுக்குச் செல்லுங்கள்.