கூட்டு மருந்தும் விசித்திரக் கனவுகளும்: மாத்திரையை நிறுத்துவதற்கு முன்

[இருட்டு அறை. தலைமாட்டில் தண்ணீர் பாட்டில், மாத்திரை டப்பா.]

எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து (பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் ஏ.ஆர்.டி. சிகிச்சை) ஆரம்பித்த முதல் சில நாட்களில் சிலருக்கு வரும் கனவு சாதாரணக் கனவு இல்லை. செத்துப்போன தாத்தா எதிரில் உட்கார்ந்து பேசுவார். அவர் சட்டையில் அறுந்து தொங்கும் பொத்தான்கூடத் துல்லியமாகத் தெரியும். முழிப்பு வந்த பிறகும் அது கனவுதானா என்று சட்டெனப் பிடிபடாது. பாத்ரூம் போக எழுந்தால் தலை கிறுகிறுக்கும், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். "எனக்குப் புத்தி பேதலிக்கிறதோ" என்ற பயம் வரும். அதை வீட்டில் சொல்லவும் வழியில்லை. மாத்திரை சாப்பிடுவதே வீட்டுக்குத் தெரியாமல் இருப்பவர்கள் எத்தனையோ பேர்.

உங்களுக்குப் புத்தி பேதலிக்கவில்லை. இது அந்தக் கூட்டில் இருக்கும் எஃபாவிரன்ஸ் என்ற மருந்தின் வேலை.

[மாத்திரையின் படம். மூன்று மருந்துகளின் பெயர்கள்.]

1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து இது. நம் நாட்டில் அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து 2004 ஏப்ரலில் தொடங்கியது. சென்னையை ஒட்டிய தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரி அதில் முதல் மையங்களில் ஒன்று. பின்னாளில் டெனோஃபோவிர், லாமிவுடினோடு எஃபாவிரன்ஸும் சேர்ந்த ஒரே மாத்திரைதான் பல வருடம் முதல் வரிசைச் சிகிச்சை, அதாவது புதிதாக ஆரம்பிப்பவருக்கு முதலில் கொடுப்பது. வைரஸை நன்றாகவே அடக்கும். ஆனால் மூளைக்குள்ளும் போகும். அதனால்தான் கனவு, கிறுகிறுப்பு, கவனம் சிதறுவது எல்லாம். பெரும்பாலோருக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் தணிந்துவிடும்.

"படுக்கும்போது வெறும் வயிற்றில் போடுங்கள்" என்று ஏன் சொல்கிறார்கள்? கொழுப்புள்ள சாப்பாட்டோடு போட்டால் மருந்து இரத்தத்தில் கூடுதலாக ஏறும். ராத்திரி பிரியாணி சாப்பிட்ட கையோடு மாத்திரை போட்டால் அன்றைக்குக் கனவு இன்னும் உக்கிரமாக இருக்கலாம். சிலருக்குப் பிறவியிலேயே இந்த மருந்தைக் கல்லீரல் மெதுவாகத்தான் உடைக்கும். அவர்களுக்கு அதே அளவு மாத்திரை இரட்டிப்பாக வேலை செய்வதுபோல் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்றும் செய்யவில்லையே என்று ஒப்பிட வேண்டாம்.

[மூன்று கோடுகள் கொண்ட வரைபடம். இரண்டு சீக்கிரம் இறங்குகின்றன, ஒன்று நீண்டுகொண்டே போகிறது.]

சரி, தாங்க முடியவில்லை, நாலு நாள் நிறுத்திப் பார்க்கலாமா? தயவுசெய்து வேண்டாம். இந்த வீடியோவே இதைச் சொல்லத்தான். மூன்றையும் ஒரே நாளில் நிறுத்தினாலும் மூன்றும் ஒன்றாக உடம்பை விட்டுப் போவதில்லை. மற்ற இரண்டும் முன்னதாகவே வலுவிழக்கும். எஃபாவிரன்ஸ் ஒரு வாரம், சிலருக்கு அதற்கு மேலும், இரத்தத்தில் தங்கும். வைரஸ் அப்போது ஒரே ஒரு மருந்தை மட்டும் எதிர்கொள்கிறது. அதற்கு எதிர்ப்புச் சக்தி பழகிக்கொள்ள ஒரே ஒரு மரபணு மாற்றம் போதும். அப்புறம் அந்த மருந்து உங்களுக்கு உதவாமலே போய்விடலாம். மாற்ற வேண்டும் என்றால் எதை எப்போது நிறுத்துவது என்பதை ஏ.ஆர்.டி. மையத்து டாக்டர் முறைப்படி செய்வார். அவர்களிடம் மாற்று மருந்து இருக்கிறது.

இப்போது பலருக்கும் எஃபாவிரன்ஸுக்குப் பதில் டொலுடெக்ராவிர்தான். அதிலும் சிலருக்குத் தூக்கம் கெடும். டாக்டரிடம் கேட்டுக் காலை வேளைக்கு மாற்றிக்கொண்டாலே பலருக்குச் சரியாகும். இன்னொன்று, ஆரம்பித்த சில வாரத்தில் இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள் கொஞ்சம் ஏறி, ரிப்போர்ட்டைப் பார்த்தவர் பதறிப்போவார். சிறுநீரகம் அதை வெளியேற்றும் ஒரு வழியை மருந்து அடைப்பதால் வரும் கணக்கு அது. அதனாலேயே சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று ஆகாது. ஆனால் கூடவே இருக்கும் டெனோஃபோவிர் நிஜமாகவே சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. அதனால் இரண்டில் எது என்று பிரித்துச் சொல்ல டாக்டரால்தான் முடியும்.

வேறு எச்.ஐ.வி. மருந்துகளிலும் தொந்தரவு உண்டு. அட்டாசனாவிர் சாப்பிடுபவர்களுக்குக் கண் மஞ்சளாகலாம், கல்லீரல் நன்றாக இருக்கும்போதே. சிடோவுடினில் நகம் கருக்கலாம். கருத்த நகத்தைவிட அந்த மருந்தால் வரும் இரத்தசோகைதான் கவலைக்குரியது. படியேறினால் மூச்சு வாங்குகிறதா என்று கவனியுங்கள்.

[சிவப்புப் பின்னணி.]

சிலவற்றுக்கு மட்டும் காத்திருக்கவே கூடாது. காய்ச்சலோடு தோலில் தடிப்பு, வாயில் புண், தோல் உரிவது, மூச்சுத் திணறல் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. நெவிராபின், அபாகாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்துகளில் இது உயிருக்கே ஆபத்தாகலாம். அபாகாவிர் ஒவ்வாமை என்று ஒருமுறை நிறுத்திய மருந்தைத் திரும்பத் தொடவே கூடாது. செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தாலும் அவசரம்தான். எஃபாவிரன்ஸ் அதையும் தூண்டக்கூடும். முன்பு மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிட்டிருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மையத்துக்குப் போகும்போது மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்டது, தொந்தரவு தொடங்கிய தேதி மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். டி.பி. மருந்து, சத்து மாத்திரை, அசிடிட்டி மருந்து, நாட்டு மருந்து எதையும் மறைக்காதீர்கள். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளை வெறும் வயிற்றில் டொலுடெக்ராவிரோடு சேர்த்துப் போட்டால் மருந்து சரியாக உடம்பில் சேராது. உடனே மையத்துக்குப் போக முடியாவிட்டால் 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.