மேசை ரம்பத்துக்கு முன்னால் ஒரு தீட்டுக்கல்

[காட்சி: தேக்குப் பலகையில் பாதி அறுத்த கோடு. பிளேடு நடுவில் நின்றிருக்கிறது. அறை இருட்டு. ஒரு கைவிளக்கு எரிகிறது.]

வணக்கம். வீட்டு மரப்பட்டறையில் எதை முதலில் தரம் உயர்த்த வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு. பாதிப் பலகையில் கரண்ட் போய்விட்டது. காட்சிக்காகச் செய்தது இல்லை. இங்கே மியான்மரில், யாங்கூனில் முறை வைத்துத்தான் மின்சாரம் விடுகிறார்கள், அந்த முறையும் சொன்ன நேரத்தில் வருவதில்லை.

இப்போது என் கை எங்கே போகிறது என்று பாருங்கள். பலகைக்கு இல்லை, சுவிட்சுக்குப் போகிறது. கரண்ட் போனதும் மெஷின் அடங்கிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சாதாரண சுவிட்சாக இருந்தால் அது போட்டபடியேதான் கிடக்கும். ஒருமுறை இப்படி நின்றபோது நான் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து, பிளேடின் ஓரத்தில் சிக்கிய ஒரு சிராயை விரலால் நெம்பி எடுத்தேன். கையை இழுத்து மூச்சு விடுவதற்குள் கரண்ட் வந்து பிளேடு உறுமியது. விரல்கள் பத்தும் இருக்கின்றன. ஆனால் அன்று மாலை சோறு பிசைய முடியாத அளவுக்குக் கை நடுங்கியது.

[காட்சி: பச்சை, சிவப்புப் பொத்தான்கள் உள்ள சுவிட்ச் பெட்டி.]

மறுநாளே இதை வாங்கி மாட்டினேன். காந்த சுவிட்ச். உள்ளே ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. மின்சாரம் ஓடும்வரை அது காந்தமாகி இணைப்பைப் பிடித்திருக்கும். மின்சாரம் நின்றால் பிடியை விட்டுவிடும். கரண்ட் திரும்பி வந்தாலும் பச்சைப் பொத்தானை நீங்கள் அழுத்தாமல் மெஷின் ஓடாது. வீட்டில் மின்சார ரம்பம் வைத்திருக்கிறவர்கள் இந்த வீடியோவை இங்கேயே நிறுத்திவிட்டு இதை வாங்கி மாட்டினாலும் எனக்கு வருத்தமில்லை.

[காட்சி: நீண்ட, குறுகிய வீட்டின் பின்கட்டு.]

எங்கள் வீடு இந்த ஊருக்கே உரிய அளவு. அகலம் 12.5 அடி, நீளம் 50 அடி, தரைத்தளம். பின்னால் 14 அடி மட்டும் என் பட்டறை. இங்கே கோயில் தமிழ் வகுப்புக்குக் குட்டை பெஞ்சுகள் செய்கிறேன், பூசை மாடங்கள் செய்கிறேன், அக்கம்பக்கத்தார் கேட்டால் அலமாரியும் செய்கிறேன். தொடங்கும்போது கையில் இருந்த பணத்தையெல்லாம் ஒரே பொருளில் போட்டேன். 10 அங்குல மேசை ரம்பம். இணையத்தில் எல்லாப் பட்டறைகளிலும் அது நடுவில் கொலுவிருந்ததைப் பார்த்த மயக்கம்தான்.

கணக்குப் போட்டிருந்தால் வாங்கியிருக்கமாட்டேன். 6 அடிப் பலகையை நீளவாக்கில் அறுக்க மெஷினுக்கு முன்னால் 6 அடி வேண்டும், பின்னால் 6 அடி வேண்டும். மெஷினின் உடம்பு தனி. என் 14 அடிக்குள் அது அடங்காது. குளியலறைக் கதவைத் திறந்து வைத்தால் பலகையின் முனை உள்ளே போய் வாளியில் இடித்து நிற்கும். அலமாரிப் பலகையை அறுக்கிற நாளில் வீட்டில் யாரும் குளிக்க முடியாது.

யாங்கூனுக்கு அருகிலுள்ள தன்லியினிலிருந்து ஒருநாள் ஒரு முதிய ஆசாரி வந்தார். நான் பெரியப்பா என்று கூப்பிடுகிறவர். மெஷினைத் தட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு என் உளியை எடுத்துக் கட்டைவிரல் நகத்தில் மெல்ல வைத்தார். அது வழுக்கிக்கொண்டு போனது. "தம்பி, இதை வைத்துத்தான் இத்தனை நாளும் கழுந்து செதுக்கினீர்களா?" என்று கேட்டார். கழுந்து என்றால் ஒரு மரத்தின் துளைக்குள் செருகும் இன்னொரு மரத்தின் நாக்கு. தீட்டிய வாய், அதாவது வெட்டும் ஓரம், நகத்தைப் பிடிக்கும், மழுங்கிய வாய் வழுக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

[காட்சி: மூன்று மரத்துண்டுகள்: பொன்நிறம், செந்நிறம், கரும்பழுப்பு.]

உளியின் வாய் ஏன் இவ்வளவு சீக்கிரம் போகிறது என்று புரிய நம் மரங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது தேக்கு. காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் தூணாக நிற்கிறதே, அதே பர்மாத் தேக்கு. கைக்கு மெழுகு போல இருக்கும், ஆனால் உள்ளே மணல் இருக்கிறது. மரம் மண்ணிலிருந்து உறிஞ்சும் சிலிக்கா அதன் திசுக்களில் படிந்துவிடுகிறது. ஒவ்வொரு சீவலிலும் உளி அந்தப் பொடியைத் தேய்த்துக்கொண்டு போகிறது.

இரண்டாவது படாவ். திஞ்சான் என்னும் பர்மியப் புத்தாண்டு நீர்த்திருவிழாச் சமயத்தில் பெண்கள் தலையில் வைத்துக்கொள்ளும் மஞ்சள் பூவின் மரம். நம் வேங்கைக்கு நெருங்கிய உறவு, இரண்டும் ஒரே பேரினம். இதில் இழை ஒரு பட்டை இப்படியும் அடுத்த பட்டை எதிர்ப்பக்கமாகவும் ஓடும். எந்தப் பக்கமிருந்து இழைத்தாலும் எங்காவது ஓரிடத்தில் பெயர்த்துக்கொண்டு வரும்.

மூன்றாவது பியின்கடோ. தமிழ்நாட்டில் இருள் மரம் என்பார்கள். ரயில் தண்டவாளத்துக்குக் கட்டையாகப் போட்ட மரம். தண்ணீரில் போட்டால் பெரும்பாலும் மூழ்கும். இதில் வேலை செய்வது ஒரு தண்டனை.

[காட்சி: கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டிய உப்புத்தாள்கள். தண்ணீர்க் கிண்ணம்.]

ஆகவே என் முதல் தர உயர்வு இதுதான். கண்ணாடிக் கடையில் கழித்துப்போட்ட 10 மில்லிமீட்டர் தடிமனான கண்ணாடித் துண்டு. அதன் மேல் தண்ணீரில் தேய்க்கக்கூடிய உப்புத்தாள்: 240, 400, 800, 1500, 2000. எண் ஏற ஏறத் தாள் நுண்மையாகும். பிற்பாடு 1000, 6000 எண் தீட்டுக்கற்கள் வாங்கினேன். ஆனால் முதல் ஓராண்டு இந்தக் கண்ணாடியில்தான் ஓடியது.

முதலில் உளியின் முதுகு. புது உளியின் முதுகு தட்டையாக இருக்கும் என்று நம்பாதீர்கள். வாயிலிருந்து ஓர் அங்குலம் வரை முகம் தெரிகிற மாதிரி பளபளக்க வேண்டும். இது ஓர் உளிக்கு ஒரே முறை செய்கிற வேலை, ஒரு மணி நேரம்கூட ஆகலாம். பாட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்து சாய்வு. 25 பாகையில் பெரிய சாய்வு, நுனியில் மட்டும் 30 பாகையில் ஒரு மெல்லிய கோடு. தேக்குக்கு இந்த 30 முக்கியம், அதைவிடக் கூர்மையான சாய்வு சிலிக்காவுக்கு முன்னால் நொறுங்கிவிடும்.

எல்லோரும் தவறுகிற இடம் இதோ. ஒரு தாளில் தேய்த்த பிறகு முதுகுப் பக்கம் விரலால் தடவுங்கள். வாய் முழுக்க மெல்லிய பிசிறு தட்டுப்பட வேண்டும். ஒரு மூலையில் தட்டுப்படாவிட்டாலும் அடுத்த தாளுக்குப் போகாதீர்கள். தேய்ப்பு இன்னும் நுனிக்கு எட்டவில்லை என்று பொருள். கடைசியில் பச்சை பாலிஷ் பசை தடவிய தோல்துண்டில் பத்து இழுப்பு, பின்னோக்கி மட்டும்.

[காட்சி: தேக்குத் துண்டின் வெட்டுமுனையில் உளி. சீவல் சுருண்டு விழுகிறது.]

வெட்டுமுனையில், அதாவது இழை குறுக்கே அறுபட்ட பக்கத்தில், சீவல் பொடியாகாமல் சுருளாக வந்தால் சரி. கல்லில் தண்ணீர் விட்டு வட்டமாகத் தேய்த்துக் குழம்பு வரவைப்பதைப் பார்த்து என் மனைவி, தனக்கா (பர்மியர்கள் முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்து) அரைக்கிறீர்களா, கன்னத்தில் பூசிக்கொள்ளட்டுமா என்றாள். அந்தக் கேலி இன்னும் ஓயவில்லை.

இழைப்புளிக்கும் இதே தீட்டல்தான். கூடுதலாக ஒன்று. அலகின் மேல் படுத்திருக்கும் இரும்புத் தகட்டை அலகின் நுனியிலிருந்து அரை மில்லிமீட்டர் தள்ளி வையுங்கள். சீவல் பெயர்ந்து கிழிவதற்கு முன் அந்தத் தகடு அதை மடக்கிவிடும். படாவில் பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்தது. புது இழைப்புளி வாங்க நினைத்திருந்தேன், பழையதை இரண்டு திருகில் சரிசெய்தேன்.

[காட்சி: தடித்த வேலைமேசை. ஓரத்தில் பழைய ஆணித்துளைகள்.]

அடுத்தது பிடிப்பு. பழைய மர வீடு இடித்தபோது வந்த பியின்கடோ கட்டைகளை மேசையாக்கினேன். மேல்பலகை 5 அடி நீளம், 20 அங்குல அகலம், இரண்டரை அங்குல தடிமன். அதுமட்டுமே ஏறத்தாழ 50 கிலோ வரும். அந்த எடைதான் எனக்கு வேண்டும். இழைக்கும்போது ஆடுகிற மேசை உங்கள் பலத்தில் பாதியைத் தின்றுவிடும். உயரம் நிற்கிறவரின் மணிக்கட்டு மட்டம். இடிப்பு மரம் வாங்குகிறவர்கள் ஒரு சிறிய வலுவான காந்தத்தைக் குச்சியில் கட்டிப் பலகை முழுக்கத் தடவிப் பார்க்க வேண்டும். தலை உடைந்த ஆணி ஒன்று உள்ளே இருந்தால் ரம்ப பிளேடின் கார்பைடு பல் இரண்டு போய்விடும். எனக்கு மூன்று போனது.

[காட்சி: மின்னழுத்தம் காட்டும் மானி. முள் 180-இல்.]

இப்போது மின்சாரம். பெயருக்கு 230 வோல்ட். மாலையில் எங்கள் தெருவில் 180-க்கு இறங்குவதை நான் இந்த மானியில் பார்த்திருக்கிறேன். மேசை ரம்பத்தில் இருக்கும் வகை மோட்டாரின் திருகுவலு (சுழற்றும் வலு) மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்றபடி குறையும். 180-ஐ 230-ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்குங்கள். சுமார் 0.61. ஐந்தில் இரண்டு பங்கு வலு காணாமல் போகிறது. அந்த நேரத்தில் பலகையைத் தள்ளினால் மோட்டார் திணறிக் கூடுதல் மின்னோட்டம் இழுக்கும், சுருள் கருகும். என் வழி இது. காலையில் அறுங்கள், மாலையில் தீட்டுங்கள்.

ஜெனரேட்டர் வாங்கலாமே என்பீர்கள். 1 குதிரைத்திறன் மோட்டார் முழுச்சுமையில் ஓட ஏறத்தாழ 1000 வாட் இழுக்கும், ஆனால் கிளம்பும் கணத்தில் அதுபோல ஐந்தாறு மடங்கு இழுக்கும். சின்ன ஜெனரேட்டர் அங்கேயே மண்டியிட்டுவிடும். இன்வெர்ட்டரும் அப்படித்தான். 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால் கையில் இருப்பது 600 வாட்-மணி. 1200 வாட் ரம்பத்துக்குக் காகிதத்தில் அரை மணி நேரம், நடைமுறையில் அதிலும் குறைவு.

நான் பேட்டரி டிரில்லுக்கும், பேட்டரியில் ஓடும் சிறிய வட்ட ரம்பத்துக்கும் மாறினேன். 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் 90 வாட்-மணி இருக்கிறது. கரண்ட் வரும்போது இரண்டை ஏற்றி வைத்துக்கொண்டால் போனபிறகும் பெஞ்சுக்கால்களைக் குறுக்கே அறுத்து முடித்துவிடலாம். ஒரே நிறுவனத்தின் ஒரே பேட்டரி வரிசையிலேயே இருங்கள். இரண்டு வரிசைகளில் வாங்கினால் இரண்டு சார்ஜருக்கும் காசு, இரண்டும் எப்போதும் காலி.

நீட்டிப்புக் கம்பி 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிரமாக இருக்கட்டும். சுருட்டியபடியே பயன்படுத்தாதீர்கள், சூடேறி உருகும்.

[காட்சி: கருகிய மின்சார இழைப்புளி. அதன் தகட்டில் 100V என்ற எழுத்து.]

இது என் வெட்கம். ஜப்பானிலிருந்து வந்த பழைய பொருள்கள் விற்கும் கடையில் வாங்கினேன். கைப்பிடியில்கூடத் தேய்மானம் இல்லை. வீட்டில் செருகினேன். ஒரு வினாடி வீறிட்டது, நீலப்புகை, அவ்வளவுதான். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். கடைக்காரர் சொல்லவில்லை, நானும் தகட்டைப் படிக்கவில்லை. பழைய ஜப்பான் கருவி நல்ல கருவிதான், ஆனால் இறக்கு மின்மாற்றி கட்டாயம் வேண்டும். கருவியின் வாட் அளவுபோல இரண்டு மடங்கு தாங்கும் மாற்றியாகப் பாருங்கள். அதன் விலையையும் சேர்த்துக் கூட்டிவிட்டு, மலிவா என்று பிறகு முடிவு செய்யுங்கள்.

பிளேடைப் பற்றிச் சுருக்கமாக. மெஷினோடு வந்ததைக் கழற்றிவிட்டு நல்ல கார்பைடு பிளேடு இரண்டு வாங்குங்கள். 10 அங்குலத்தில் நீளவாக்கு அறுப்புக்கு 24 பல், குறுக்கு அறுப்புக்கு 60 பல். மழுங்கிவிட்டது என்று தூக்கிப்போடுமுன் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்துப் பாருங்கள். பல சமயம் அது மழுங்கல் இல்லை, தேக்கின் பிசின்.

மழைக்காலத்துக்கு: இரும்பு மேசைக்கு மெழுகுவர்த்தியைத் தேய்த்துத் துணியால் துடைத்துவிடுங்கள். உளிகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய். மூலைமட்டத்தை மே மாதத்தில் ஒருமுறை, அக்டோபரில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். மரப்பிடி ஊதி வளைந்திருக்கும்.

தூசிக்கு முகக்கவசம், N95 வகை. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. சுண்ணாம்பு பூசிய சுவரில் வெள்ளைத் துணி விரித்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள், எவ்வளவு படிகிறது என்று தெரியும். எங்களுக்கு அந்தச் சோதனையை மாடிவீட்டு பர்மிய அம்மா செய்து காட்டினார், தன் துவைத்த துணிகளைக் கொண்டுவந்து. இப்போது அவர் துணி காயப்போடும் கிழமைகளில் நான் கையால்தான் இழைக்கிறேன்.

[காட்சி: மேசை ரம்பத்தின் மேல் விரித்த துணி. அதன் மேல் அரிசி மூட்டை.]

மேசை ரம்பம் விற்பனைக்கு. காந்த சுவிட்ச் மட்டும் தரமாட்டேன்.