புல்மோட்டையின் கறுப்பு மணலுக்குள் வெள்ளைப் பெயின்ற் எங்கே இருக்கிறது?

(காட்சி: வெள்ளைத் தாளின் மேல் ஒரு பிடி கறுப்பு மணல்.)

வணக்கம். உங்கள் வீட்டுச் சுவரின் வெண்மை இந்தக் கரிய மணலிலிருந்து பிறந்திருக்கக்கூடும். திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி, குச்சவெளி ஊடாக வடக்கே ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் சென்றால் வரும் புல்மோட்டையின் கனிய மணல் இது. இதை அகழ்வதற்காக 1957 இல் அரச கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது என்பதோடு வரலாற்றை நிறுத்திவிட்டு மணலுக்கு வருவோம்.

(காட்சி: காந்தம் மணலை நெருங்குகிறது.)

பழுதான கணினியின் வன்தட்டிலிருந்து கழற்றிய காந்தத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி, நன்கு காய்ந்த மணலின் மேல் மெல்ல நகர்த்துகிறேன். கரிய மணிகள் எழுந்து தாடிபோல் ஒட்டிக்கொள்கின்றன. நிறமற்றவையும் செம்பழுப்பானவையும் தாளிலேயே தங்கிவிடுகின்றன. ஒட்டியவற்றுள் பெரும்பங்கு இல்மனைற். ஓர் இரும்பு அணு, ஒரு தைத்தேனிய அணு, மூன்று ஒட்சிசன் அணுக்கள், இவ்வளவுதான் அதன் அமைப்பு. 1791 இல் இங்கிலாந்தின் கோர்ன்வாலில் வில்லியம் கிரெகர் என்ற மதகுரு, காந்தம் ஈர்த்த இத்தகைய கறுப்பு மணலை ஆராய்ந்தே புதியதொரு மூலகத்தைக் கண்டறிந்தார்; அதுதான் தைத்தேனியம்.

தாளில் தங்கிய செம்பழுப்பு மணிகள் ரூட்டைல்: ஒரு தைத்தேனியத்துக்கு இரண்டு ஒட்சிசன், இரும்பு இல்லை. நிறமற்றவற்றுள் சேர்கோனியம், சிலிக்கன், ஒட்சிசன் சேர்ந்த சிர்கோனும் உண்டு. தரை ஓடுகளின் மினுக்கப் பூச்சுக்கு அது போகிறது. மின்புலத்தில் ரூட்டைல் மின்னைக் கடத்தும், சிர்கோன் கடத்தாது என்பதால் ஆலையில் இரண்டையும் பிரித்துவிடுகிறார்கள்.

இந்த மணிகள் இங்கே இவ்வளவு செறிவாகக் குவிந்தது எப்படி? அம்மா சுளகில் புடைக்கும்போது உமி பறந்து அரிசி தங்குவதை நினைத்துப் பாருங்கள். வாடைக்காற்றுக் காலத்தின் பேரலைகளும் அவ்வாறே புடைக்கின்றன. சாதாரண வெண்மணல் நீரைப்போல் 2.65 மடங்கு அடர்த்தியானது, இல்மனைற்றோ ஏறத்தாழ 4.7 மடங்கு அடர்த்தியானது; ஆகவே திரும்பும் அலை இலேசானதை இழுத்துச் செல்ல, கனமானது கரையிலேயே படிகிறது. எனக்கு இதைவிட அழகான ஆலை தெரியாது.

இனி அந்த வெண்மை. இல்மனைற்றைச் செறிந்த சல்பூரிக்கமிலத்தில் சூடாக்கிக் கரைத்துக் குளிர்வித்தால், இரும்பின் பெரும்பகுதி பச்சைப் படிகங்களாகப் பிரிகிறது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் அன்னபேதி என்று கேட்டு வாங்குவது இந்தப் பொருளைத்தான். எஞ்சிய கரைசலைக் கொதிக்கவைத்து, படிவதை வடித்துச் சுட்டெடுத்தால் தைத்தேனியமீரொட்சைட்டு என்ற வெண்பொடி கிடைக்கும். ரூட்டைல் வடிவில் அதன் ஒளிமுறிவுச் சுட்டி ஏறத்தாழ 2.7, வைரத்துக்கோ 2.4 தான். வைரத்தைவிட வலிமையாக ஒளியை வளைக்கும் நுண்துகள்கள் அதை எல்லாத் திசையிலும் சிதறடிப்பதால்தான், மெல்லிய ஒரு பூச்சே பழைய சுவரின் கறையை மறைத்துவிடுகிறது.

நமது இல்மனைற் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறுகிறது. அந்த வெண்பொடியை இங்கேயே செய்ய வேண்டும் என்று விரும்புவோருள் நானும் ஒருவன். ஆனால் அப்படியோர் ஆலை எழுவதற்கு முன், அதிலிருந்து வெளியேறும் அமிலக் கழிவும் குவியும் இரும்பு உப்பும் எங்கே போகும் என்பதை, பக்கத்துக் கொக்கிளாய்க் களப்பில் வலை வீசுவோருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும்.